பீரோ சாவி யாரிடம்? நூலகப் பாடவேளையை எப்படிச் செலவழிப்பது

ஜூன் மாதம் டைம்டேபிள் போடும்போது எச்.எம். கேட்டார்: "எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் வாரம் ஒரு நூலகப் பீரியட் இருக்கு. போன வருஷம் மாதிரி ஆளுக்கொரு புக்கைக் கொடுத்து உட்கார வைக்கப் போறீங்களா, இல்ல ஏதாவது சொல்லித் தரப் போறீங்களா டீச்சர்?"

கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருந்தது. நியாயமும் இருந்தது.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. நூலகப் பொறுப்பு கூடுதலாகத் தலையில் விழுந்தது. டெல்டாப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி. தனி நூலகர் கிடையாது. மூன்று இரும்பு பீரோ, இரண்டு திறந்த ரேக், ஆயிரத்து நானூறு சொச்சம் புத்தகம், வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எந்த முறை உதவும் என்பதைப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. முழுநேர நூலகரும் ஐந்தாயிரம் புத்தகமும் உள்ள பள்ளிக்கு நான் வந்து சேர்ந்த முடிவு பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கதைப் புத்தகம் எடுத்து வாசிப்பது பழக்கம்; அதற்கு வாசிப்பு இயக்கம் இருக்கிறது, சிறார் இதழ்கள் வருகின்றன. நான் இங்கே பேசுவது தேடும் திறன். ஒரு கேள்வி வந்தால் அதற்கான விடை எந்த மாதிரி நூலில் இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்த நூலை அடுக்கில் கண்டுபிடிக்க வேண்டும், நூலுக்குள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்ததை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்கக் கடந்த மூன்று ஆண்டுகளில் நான் பல வழிகளில் முட்டி மோதியிருக்கிறேன். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எச்.எம்.முக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தின் பின்னால் இருந்தவை இவை.

கரும்பலகை வழி

முதல் வருஷம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். சார்ட் வாங்கி டூயியின் தசமப் பகுப்பை எழுதித் தொங்கவிட்டேன். நூலகப் புத்தகங்களை எண்ணிட்டு அடுக்க 1876இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வெளியிட்ட முறை. அறிவு முழுவதையும் பத்துப் பெட்டியாகப் பிரிப்பது. 000 பொது, 100 தத்துவம், 200 சமயம், 300 சமூகவியல் என்று போய் 900 வரலாறு, புவியியலில் முடியும். நான்கு பீரியட் நடத்தினேன். ஒரு தேர்வும் வைத்தேன். பிள்ளைகள் பிரமாதமாக எழுதினார்கள். "ஐந்நூறு?" என்றால் "அறிவியல்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தும்.

அடுத்த வாரம், முழு மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவன் ரேக் முன்னால் நின்றுகொண்டு கேட்டான்: "மிஸ், பாம்பு பத்தின புக் எங்க இருக்கு?"

பாம்பு 597இல் இருக்கும், ஐந்நூறுகளில். அவனுக்கு ஐந்நூறு என்றால் அறிவியல் என்பது தெரியும். ஆனால் பாம்பு அறிவியல் என்பது தோன்றவில்லை. அவனுக்குப் பாம்பு பாம்புதான், வயலில் பார்ப்பது. அட்டவணையை மனப்பாடம் செய்வதும், கையில் உள்ள கேள்வியை அந்த அட்டவணைக்குள் நுழைப்பதும் வேறு வேறு வேலை. நான் சொல்லிக்கொடுத்தது முதல் வேலையை மட்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. டூயி முறையில் தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811 என்ற எண்ணுக்குள் வந்துவிடுகிறது. கவிதைக்கு 894.8111, கதைக்கு 894.8113 என்று கடைசியில் ஒரு இலக்கம்தான் மாறும். தமிழ்வழிப் பள்ளி நூலகத்தில் பாதிக்குமேல் கதையும் கவிதையும் கட்டுரையும்தானே. ஆக, பாதி நூலகத்துக்கு ஒரே எண். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஏழு இலக்கத்தைப் புத்தக முதுகில் படித்து வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். சமயப் பகுதியில் கிறித்தவத்துக்கு 220 முதல் 280 வரை தாராளமாக இடம் ஒதுக்கிவிட்டு மற்ற மதங்கள் எல்லாவற்றையும் 290க்குள் அடைத்திருப்பதை ஒரு மாணவி கவனித்து, "ஏன் மிஸ்?" என்று கேட்டாள். அது நல்ல கேள்வி, சமூக அறிவியல் வகுப்புக்கான கேள்வியும்கூட. ஆனால் அதற்குப் பதில் தெரிந்ததால் அவளுக்குப் புத்தகம் கிடைத்துவிடவில்லை.

பிறகு எண்களை ஓரம்கட்டிவிட்டு நிறப் பட்டை ஒட்டினேன். கதைக்குச் சிவப்பு, கவிதைக்கு மஞ்சள், வரலாற்றுக்குப் பழுப்பு, அறிவியலுக்குப் பச்சை. எண்ணைச் சிறிதாக அடியில் எழுதிவைத்தேன், பின்னால் பெரிய நூலகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அது உதவும் என்பதால். நூலகவியல் படித்தவர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிக்கலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்துத்தான் தம் கோலன் பகுப்பு முறைக்கான யோசனையைப் பிடித்தார். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து வேண்டிய உருவத்தைக் கட்டுவதுபோல, தலைப்பையும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டலாம் என்பது அந்த யோசனை. அவர் என் நிறப் பட்டையை மன்னித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது.

கரும்பலகை வழியை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மூன்று விஷயங்களை நேராகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும், வேறு எந்த வழியிலும் அவை தானாக வராது.

ஒன்று, அகர வரிசை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தமிழ் அகராதியில் சொல் தேடத் தெரிவதில்லை. மரம், மலை, மழை, மறம், மனம் என்ற ஐந்தையும் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொன்னால் 'மனம்' முதலில் வந்து நிற்கும். ற, ன இரண்டும் வரிசையின் கடைசி என்பது மறந்துபோயிருக்கும். புள்ளி வைத்த எழுத்தில் தடுமாறாத பிள்ளை கிடையாது.

இரண்டு, பெயர் வரிசை. உ.வே. சாமிநாதையர் நூலை 'உ'வில் தேடுவதா 'சா'வில் தேடுவதா? தலைப்பெழுத்தைத் தள்ளிவிட்டுப் பெயரைப் பார் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை.

மூன்றாவது, பதிப்பு விவரப் பக்கம். எந்த ஆண்டு வந்த நூல், யார் வெளியிட்டது என்று பார்க்கச் சொல்வது.

வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் நூலின் பின்னால் உள்ள சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலைப் பயன்படுத்தக் கற்பிப்பதற்கு நிறைய இடம் கொடுப்பார்கள். நம் தமிழ் நூல்கள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. பொருளடக்கத்தை வைத்து ஊகிப்பது, பக்கங்களை வேகமாகப் புரட்டிக் கண்ணில் படுவதைப் பிடிப்பது ஆகியவற்றைத்தான் நாம் பழக்க வேண்டியிருக்கிறது.

ஆக, கரும்பலகைக்கு ஆண்டுக்கு இரண்டு பீரியட். அதற்குமேல் வீண்.

புதையல் வேட்டை

இரண்டாம் வருஷம் இதை ஆரம்பித்தேன். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, சீட்டில் குறிப்பெழுதி, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போகும் விளையாட்டு. பிள்ளைகளுக்கு உயிர். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு குறிப்பு மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதியாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் சில தொகுதிகள் எங்களிடம் இருக்கின்றன, ஒரு முன்னாள் மாணவர் வீட்டிலிருந்து வந்தவை. "இதில் சந்திரனைத் தேடு. அங்கே முதலில் நடந்தவர் பெயர் என்ன?" என்று எழுதியிருந்தேன். ஒரு குழு கட்டுரையைக் கண்டுபிடித்து மேலும் கீழும் படித்துவிட்டு, "மிஸ், இதுல இல்ல, பக்கம் கிழிஞ்சிருக்கும்போல" என்றது. ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தது 1969. "முன்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள்" என்றேன். பார்த்துவிட்டு ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்ப இந்தப் புக்குக்குத் தெரியாதா?" புத்தகத்துக்கும் வயது உண்டு என்பதை நான் நான்கு பீரியட் பேசிப் புரியவைத்திருக்க முடியாது.

மற்றபடி வேட்டையின் குறை வெளிப்படை. வேகமான ஒருவன் ஓடுவான், நான்கு பேர் அவன் பின்னால் ஓடுவார்கள். சீட்டைத் தேடுவார்களே தவிரப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு வேட்டைக்குக் குறிப்பெழுதி ஒளித்துவைக்க எனக்கு இரண்டு மாலை பிடித்தது. அதே வகுப்புக்கு மறுபடி பயன்படுத்தவும் முடியாது. பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால், எந்த ரேக் எங்கே இருக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றிருந்தது. அதுவும் ஒன்றும் சின்ன லாபமில்லை. பீரோ பக்கமே வரப் பயந்த பிள்ளைகள் அதற்கப்புறம் கூசாமல் வந்து திறந்து பார்த்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தடவை வைக்கலாம், அவ்வளவுதான்.

கணினி அறை

"எல்லாம் போனிலேயே கிடைக்குது, பீரோவை எதுக்குக் கட்டி அழறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியைச் சும்மா தள்ளிவிட முடியாது. பிள்ளைகள் உண்மையில் தேடுவது அம்மாவின் போனில்தான், அதுவும் யூடியூபில். கேள்வியைச் சொன்னால் பதிலையே எழுதிக் கொடுக்கும் செயலிகளும் வந்துவிட்டன.

இங்கே கற்பிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ் வரை ஆழ்ந்து படித்து, அழகான வடிவமைப்பிலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுச் சட்டென்று வெளியே வந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுபோல. இந்த உவமையை வகுப்பில் சொன்னால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றும் பொய்ச் செய்தியைக் கொடுத்து அக்கம்பக்கம் விசாரிக்கச் சொன்னேன். ஒரு பீரியடில் உடைத்துவிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் கோபம்: "பொய்யா இருந்தாலும் நல்ல விஷயம்தானே மிஸ்."

வேலை செய்யும் கணினிகள் பத்து, பிள்ளைகள் நாற்பது, நெட் வரும் நாள் வரும். மாதம் ஒரு பீரியட் கிடைத்தால் பெரிது. இதை மட்டுமே நம்பித் திட்டம் போட முடியாது.

பாடத்துக்குள் வைத்துக் கற்பிப்பது

பள்ளி நூலகங்களைப் பற்றி உலகெங்கும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்: நூலகத்துக்கென்று தனிப் பாடம் வேண்டாம், வரலாறோ அறிவியலோ நடக்கும்போது எழுகிற நிஜமான கேள்விக்காகப் பிள்ளை நூலகத்துக்கு வரட்டும், தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் திறனைச் சொல்லிக்கொடு. சொல்வது எளிது. நான் முதல் முறை செய்தபோது சொதப்பினேன்.

"வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றித் தகவல் திரட்டி எழுதுக" என்று ப்ராஜெக்ட் கொடுத்தேன். எல்லாரும் திரட்டினார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் முப்பது ரூபாய்க்கு அச்செடுத்து, சுற்றிலும் பூ வரைந்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தார்கள். ஏழு பேருடைய ப்ராஜெக்டில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். "பற்றி எழுது" என்றால் எங்கேயோ எழுதியிருப்பதை எடுத்து எழுது என்றுதான் பொருள்.

மறு வருஷம் கேள்வியை மாற்றினேன். 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று அறிவித்தார். "அப்படியானால் இரண்டு வாரம் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு அப்படியே எடுத்து ஒட்டத் தகுந்த பக்கம் கிடையாது. 954இல் உள்ள இந்திய வரலாற்று நூல்களில் யாத்திரை இரண்டு வரியில் முடிந்துவிட்டது. வாழ்க்கை வரலாறுகள் 920இல் இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு குழு அங்கே போனது. நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்காகவே பாட்டெழுதிக் கொடுத்தார் என்பதைப் படித்துவிட்டு இன்னொரு குழு கவிதை அடுக்குக்கு, அதாவது மஞ்சள் பட்டைக்கு ஓடியது. ஒரே சம்பவம் மூன்று அடுக்கில் சிதறிக் கிடக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்த அன்றைக்குத்தான் பகுப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரிந்தது. சார்ட் அன்றைக்கும் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல்முறையாக அதை நாலு பேர் போய்ப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் இரண்டு புத்தகத்தை விரித்தபடி என் மேசைக்கு வந்தாள். "ஒண்ணுல ஏப்ரல் 28னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 30னு போட்டிருக்கு. எது மிஸ் தப்பு?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லிவிட நாக்கு துடித்தது. "இரண்டிலும் அந்த வரிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படி" என்று மட்டும் சொன்னேன். பெஞ்சுக்குப் போனவள் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "ரெண்டும் சரி மிஸ். 28 அன்னைக்கு ஊருக்கு வந்து சேர்ந்துட்டாங்க. 30 அன்னைக்குத்தான் உப்பு எடுத்திருக்காங்க." நோட்டில் இரண்டு தேதியையும் எழுதி, பக்கத்தில் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதியிருந்தாள். எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு நூல் முரண்படும்போது எது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் வாதாட முடியாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

சாப்பாட்டுக்கு விடையும் கிடைத்தது. ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். போடுகிற கை யாருடையது என்று தெரியாவிட்டால் யாரைக் கைது செய்வது? அதைப் படித்த அன்று வகுப்பில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பையன் அவன் பாட்டியிடம் கேட்டு வந்து, அவர் சொன்ன பதிலையும் "ஆதாரம்: ஆயா" என்று எழுதியிருந்தான். பக்க எண் போடாததற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

இந்த வழிக்கு விலை உண்டு. ஒரே ஒரு கேள்விக்கு நான்கு பீரியட் போனது. சிலபஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு பீரியட் என்பது சின்ன விஷயமல்ல. என் பாடம் என்பதால் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். அறிவியல் ஆசிரியை ஒப்புக்கொண்டு, ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளை வைத்து ஒரு கேள்வி கொடுத்தார். மற்றவர்கள் "அரையாண்டு முடியட்டும் டீச்சர்" என்றார்கள். அரையாண்டுக்குப் பிறகு யார் கொடுப்பார்கள்?

நடுவில் ஒரு தொய்வும் வரும். இரண்டாவது பீரியட் முடிவில் பாதி வகுப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "ஒண்ணுமே கிடைக்கல மிஸ், வேற தலைப்பு குடுங்க." நான் பயந்துபோய்க் கேள்வியையே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, கரோல் குல்தௌ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னதும் இதைத்தான்: தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் நம்பிக்கை ஏறும், தேடத் தொடங்கியதும் குழப்பமும் சந்தேகமும் வந்து அது இறங்கிவிடும், கேள்வி தெளிந்த பிறகே மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒருத்தி எப்படி நிற்பது? அங்கேதான் அடுத்த வழி கைகொடுத்தது.

மாணவ நூலகர்கள்

இதை நான் கற்பிக்கும் முறையாக நினைத்துத் தொடங்கவில்லை. மதிய இடைவேளையில் பீரோ திறக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஆறு பேரைச் சேர்த்தேன். பதிவேட்டில் சேர்க்கை எண் எழுதுவது, பட்டை ஒட்டுவது, திரும்பி வந்ததை அடுக்குவது ஆகியவை அவர்கள் வேலை.

ஒரு நாள் உள்ளே சத்தம். போய்ப் பார்த்தால் மண்புழு உரம் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துச் சண்டை. மண்புழு உயிரி, ஆகவே பச்சைப் பட்டை என்கிறாள் ஒருத்தி. உரம் விவசாயம், அது 630, வேறு ரேக் என்கிறான் இன்னொருவன். "யாரு இதைத் தேடி வருவா? விவசாயம் பண்றவங்கதானே? அவங்க எங்க தேடுவாங்களோ அங்க வை" என்று மூன்றாமவன் தீர்ப்புச் சொன்னான். நூலகவியல் வகுப்பில் பாடமாக நடத்துவதை இந்தப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசி முடித்துவிட்டார்கள்.

குறை, ஆறு பேர்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது. எனவே மாதம் ஆறு பேராகச் சுற்றினேன். ஏழு மாதத்தில் வகுப்பே ஒரு சுற்று வந்துவிடும். பழைய குழுவிலிருந்து இருவர் மட்டும் அடுத்த மாதமும் தங்கிப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வரலாற்றுக் கேள்வி நடந்தபோது இந்தப் பழைய நூலகர்கள்தான் குழுக்குழுவாக உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழிகாட்டினார்கள். என்னால் நிற்க முடியாத இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

பெரிய தடை சாவி. பொறுப்பாசிரியர்கள் புத்தகத்தைப் பூட்டி வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஸ்டாக் பார்க்கும்போது குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்குமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. முதல் வருஷம் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேன். டிசம்பரில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது புத்தகம் குறைந்தது. போகிக்கு வீடு ஒதுக்கியபோது பரணிலிருந்தும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தும் நான்கு திரும்பி வந்தன. மீதி ஐந்தை எச்.எம். கையெழுத்தோடு பதிவேட்டில் 'தொலைந்தவை' என்று எழுதினோம். அந்த ஒரு கையெழுத்து கிடைக்காத பள்ளியில் இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆசிரியர்தான் மாட்டிக்கொள்வார். முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பிறகு சாவியைக் கொடுங்கள்.

1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியிலிருந்து எத்தனை புத்தகம் தொலைந்திருக்கும் என்று சில சமயம் யோசித்துப் பார்ப்பேன்.

கிளை நூலகம்

ஊர்க் கிளை நூலகத்துக்கு இரண்டு தடவை கூட்டிப்போனேன். நூலகர் அன்பானவர், பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். உட்கார இடமில்லாததால் இருபது இருபது பேராகத்தான் போக முடிந்தது. கற்பிக்கும் முறையாக இதற்குப் பெரிய மதிப்பெண் போட முடியாது. ஆனால் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் அப்பா கட்டுகிறார், ஆகவே அது தன்னுடைய நூலகமும்தான் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது வேறு எங்கும் நடக்காது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. எங்கள் நூலகப் பீரியடும் வெள்ளிக்கிழமை. டைம்டேபிள் போடும்போது யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

எப்படி அளந்தேன்

முறைகளை ஒப்பிடும்போது தேர்வு மதிப்பெண்ணை நம்பினால் கரும்பலகைதான் ஜெயிக்கும். அதனால் வேறு மாதிரி பார்த்தேன். பாடம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதுக் கேள்வி கொடுத்துவிட்டு இருபது நிமிடம் மேசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். மூன்றை மட்டும் கவனிப்பேன்: நேராகச் சரியான அடுக்குக்குப் போகிறார்களா, ஒரு நூலோடு நிறுத்தாமல் இரண்டாவதைத் திறக்கிறார்களா, எங்கிருந்து எடுத்தது என்று எழுதுகிறார்களா.

கரும்பலகை வகுப்பு முதல் படியிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தது. வேட்டை வகுப்பு அடுக்குக்கு ஓடியது, முதல் நூலோடு நின்றது. வேதாரண்யம் வகுப்பில் பாதிக்குமேல் இரண்டாவது நூலைத் திறந்தார்கள். நூலகர் குழுவில் இருந்தவர்கள் யார் என்பது நடையிலேயே தெரிந்தது. அவர்கள் தேடவே இல்லை, போய் எடுத்தார்கள். ஆனால் இரண்டாவது நூலைத் திறப்பதில் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான். அடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சந்தேகப்படத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதற்குக் கேள்விதான் வேண்டியிருந்தது.

எச்.எம்.முக்கு எழுதிக் கொடுத்தது

ஜூலையில் ஒரு வேட்டை, தொடர்ந்து அகர வரிசைக்கும் பெயர் வரிசைக்கும் இரண்டு கரும்பலகை பீரியட். ஆகஸ்டிலிருந்து மாதம் ஆறு பேர் மாணவ நூலகர். ஒரு பருவத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பாட ஆசிரியரோடு சேர்ந்து, நான்கு நூலகப் பீரியடையும் அந்தப் பாட ஆசிரியரின் இரண்டு பீரியடையும் இதற்கே ஒதுக்குவது. மாதம் ஒருமுறை கணினி அறை. மீதி நாளெல்லாம் பழையபடி பிள்ளைகள் பிடித்ததை எடுத்து வாசிக்கட்டும். அதையும் பிடுங்கிவிட எனக்கு மனமில்லை. பீரியடை வெள்ளியிலிருந்து வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். தொலைந்தவைப் பட்டியலில் ஆண்டுக்குப் பத்து வரை கையெழுத்து வேண்டும்.

பத்தாம் வகுப்பை நான் தொடவில்லை. அவர்களுடைய நூலகப் பீரியட் எந்தப் பள்ளியில் நூலகத்துக்குப் போகிறது?

எச்.எம். ஆறைப் பத்து ஆக்கிப் பத்தை எட்டு ஆக்கினார். அதாவது மாதத்துக்குப் பத்து நூலகர், தொலைய எட்டுப் புத்தகம். செவ்வாய்க்கிழமை ஐந்தாவது பீரியட் கொடுத்தார். தமிழ் ஐயா கேள்வியோடு தயாராக இருக்கிறார். அறிவியல் மறுபடி பறவைகள். கணக்கு சார்தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. "நூலகத்துல கணக்குக்கு என்ன டீச்சர் இருக்கு?" என்கிறார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன்னால் ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகத்தான் இருந்தார் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். பீரியடைக் கொடுக்கவில்லை.